வேகம், வயிறு, வண்டி: நெடுந்தூர ட்ரையத்லானுக்கு ஒத்திகை பார்ப்பது பற்றி

1995 அக்டோபரில், ஹவாய்த் தீவின் கைலுவா-கோனா ஊரின் அலீ சாலையில், முடிவுக் கோட்டுக்கு இன்னும் சில நூறு மீட்டரே இருக்கும்போது பாலா நியூபி-ஃபிரேசர் தள்ளாடினார், நின்றார், தரையில் உட்கார்ந்து அப்படியே படுத்துவிட்டார். அதே ஊரில் அதற்கு முன் ஏழு முறை அயர்ன்மேன் உலகப் பட்டம் வென்றவர் அவர். அன்றும் சைக்கிளை விட்டு இறங்கியபோது பெரிய இடைவெளியில் முன்னால் இருந்தார். காரன் ஸ்மையர்ஸ் பின்னாலிருந்து நெருங்கிவருவது தெரிந்ததும், கடைசிக் கட்டத்தில் தண்ணீர்ப் பந்தல்களில் எதுவும் வாங்கிக் குடிக்காமல் ஓடினார். ஸ்மையர்ஸ் கடந்துபோய் வென்றார். நியூபி-ஃபிரேசர் சுமார் இருபது நிமிடம் தரையில் கிடந்து, எழுந்து, நடந்தே நான்காவதாக முடித்தார். மறுவருடம் திரும்பி வந்து எட்டாவது பட்டத்தையும் வென்றார். எதை, எப்போது, எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை அந்தச் சாலையில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருந்திருக்க முடியாது. ஆனால் வேகத்துக்கு நெருக்கடி வந்த நேரத்தில் அந்த அறிவு கைக்கு வரவில்லை. நெடுந்தூர ட்ரையத்லானுக்கு எப்படி ஒத்திகை பார்ப்பது என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். வேகத்துக்கு ஒரு நாள், உணவுக்கு ஒரு நாள், வண்டிக்கு ஒரு நாள் என்று தனித்தனியாகப் பார்த்து முடிப்பதே பெரும்பாலோர் வழக்கம். பந்தயம் கெட்டுப்போவதோ, இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில். ஒத்திகையும் அந்த இடத்தில்தான் நடக்க வேண்டும்.

3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பெரும்பாலான அயர்ன்மேன் பந்தயங்களில் இதற்குத் தரும் நேரம் 17 மணி. நியூசிலாந்து அயர்ன்மேனில் கலந்துகொண்டவர்களை அளந்து 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்கள் சராசரியாக 10,000 கிலோகலோரி அளவுக்குச் செலவழித்து, 4,000-க்குச் சற்றுக் குறைவாகவே உண்டதாகக் கணக்கிட்டது. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கிலோகலோரிக்குத்தான் வரும். மீதியை உடல் தன் கொழுப்பை எரித்து ஈடுகட்டுகிறது. வேகம் கூடக் கூடக் கொழுப்பின் பங்கு குறைந்து மாவுச்சத்தின் பங்கு ஏறும். ஆக, எவ்வளவு வேகம் என்ற முடிவிலேயே எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற முடிவும் அடங்கியிருக்கிறது. அதே வேகம்தான் சாப்பிட்டது செரிக்குமா என்பதையும் தீர்மானிக்கிறது. கடினமாக மிதிக்கும்போது இரத்தம் குடலை விட்டுத் தசைக்குப் போகிறது. வெயிலும் சேர்ந்தால், உடலைக் குளிர்விப்பதற்காகத் தோலுக்கும் போகிறது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத சர்க்கரை ஜெல், 34 டிகிரி வெயிலில் ஐந்தாம் மணி நேரத்தில் வயிற்றில் கல்லாக நிற்பது இதனால்தான். ஜெல்லை மாற்றினால் போதும் என்று பலர் கடை கடையாகத் தேடுகிறார்கள். பல நேரங்களில் மாற்ற வேண்டியது வேகத்தை.

வயிறு பற்றிய அறிவு கடந்த இருபது ஆண்டுகளில் நிறையவே வளர்ந்திருக்கிறது. குளுக்கோஸைக் குடல் சுவர் வழியாக உள்ளே இழுக்கும் கடத்திகள் மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடுகின்றன. ஃப்ரக்டோஸுக்கு வேறு கடத்தி இருப்பதால், இரண்டையும் கலந்து கொடுத்தால் மணிக்கு 90 கிராம்வரை உடல் பயன்படுத்த முடியும் என்பதை ஆஸ்கர் யூகண்ட்ரூப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். இன்றைய தொழில்முறை வீரர்கள் சிலர் 120 கிராம்வரை போகிறார்கள். புதிதாக வருபவர் இந்த எண்ணைப் படித்துவிட்டு அப்படியே பந்தய நாளுக்கு எடுத்துச் சென்றால், பாதி வழியில் வாந்தி எடுத்துச் சாலையோரம் உட்கார வேண்டியதுதான். அந்த எண் பழக்கப்பட்ட குடலுக்கு உரியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 28 நாள் பயிற்சியின்போது தொடர்ந்து மாவுச்சத்தை அதிகமாக உட்கொண்டவர்களின் உடல், வெளியிலிருந்து வரும் சர்க்கரையை முன்பைவிட அதிகம் எரித்தது. 2017-இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ரிகார்டோ கோஸ்டா குழு, ஓடும்போதே சாப்பிடும் பழக்கத்தை இரண்டு வாரம் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் வயிற்றுக் கோளாறுகள் குறைந்ததைக் கண்டது. அதாவது, குடலும் தசை மாதிரியே பயிற்சியை ஏற்கும் உறுப்பு. உணவு ஒத்திகைக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணமும் அதுதான். வேக ஒத்திகை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் திறனை அளந்து சொல்கிறது. உணவு ஒத்திகை இல்லாத திறனை உண்டாக்குகிறது. பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு அதைத் தொடங்கிப் பயனில்லை.

கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் மூன்றும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்பது புரியும். மணிக்கு 60 கிராம் என்ற அடக்கமான அளவையே எடுத்துக்கொள்வோம். சைக்கிளில் ஆறு மணி நேரம் என்றால் 360 கிராம். 25 கிராம் ஜெல்லாக வாங்கினால் 14 அல்லது 15 பாக்கெட். அவற்றை எங்கே வைப்பது? முதுகுப் பையில் வைத்தால், ஏரோபாரில் (முன்னால் நீளும் கைப்பிடியில்) குனிந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். வியர்வையிலும் சன்ஸ்கிரீனிலும் வழுக்கும் விரல்களால் பாக்கெட்டைக் கிழிக்க முடியாது, பல்லால்தான் கிழிக்க வேண்டும். கிழித்த பிசுக்கு கியர் மாற்றும் கையில் ஒட்டும். சரி, எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்துச் சீட்டுக்குப் பின்னால் மாட்டலாம் என்று நினைத்தால், முதல் மேடு பள்ளத்திலேயே பாட்டில் தெறித்து விழுந்து அன்றைய உணவு முழுவதும் சாலையில் உருளும். பந்தயங்களில் இது அடிக்கடி நடக்கும் விபத்து. பாட்டில் தாங்கி எப்படிப்பட்டது என்பது வண்டி சம்பந்தப்பட்ட கேள்வி போலத் தோன்றும். நான்காம் மணியில் அது உணவுக் கேள்வியாகிவிடும், ஓட்டம் தொடங்கியதும் வேகக் கேள்வியாகும். நிறைந்த பாட்டில்களோடு, பந்தயத்தில் ஓட்டப்போகும் சக்கரத்தோடு, கரடுமுரடான சாலையில் ஓட்டிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

நம் ஊர் உணவுகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். கடலை மிட்டாயில் சத்து நிறைய. ஆனால் நிலக்கடலையின் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், மூச்சு வாங்கும்போது மெல்லுவதும் கஷ்டம். இளநீரில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் பெரும்பங்கு வெளியேறும் சோடியமோ குறைவு. உப்பு போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும் வாழைப்பழமும் பலருக்கு ஒத்துப்போகின்றன. ஐந்து மணி நேரம் இனிப்பையே விழுங்கிய நாக்குக்கு உப்பு வந்தால் ஆறுதல் என்பதும் ஒரு காரணம். காலைச் சாப்பாடும் ஒத்திகைக்கு உட்பட்டதே. ஏழு மணிக்குப் பந்தயம் என்றால் நான்கு மணிக்காவது சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் இட்லி இறங்குமா என்று வீட்டில் பார்ப்பது நல்லது. அயர்ன்மேன் பந்தயத்துக்காகப் போகும் மலேசியாவின் லங்காவியில், தங்கும் விடுதியில் அந்த நேரத்துக்கு இட்லி கிடைக்காது என்பதையும் சேர்த்து யோசித்து, ரொட்டியும் ஜாமும் வாழைப்பழமுமாக ஒரு முறையாவது பழகிவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில், குறைவாகக் குடிப்பதே ஆபத்து என்ற எண்ணம் நீண்ட காலம் இருந்தது. 1997 நியூசிலாந்து அயர்ன்மேனுக்குப் பிறகு டேல் ஸ்பீடியும் குழுவினரும் 330 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 18 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடத் தாழ்ந்திருந்தது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பலர் இழந்ததைவிட அதிகம் குடித்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் தண்ணீர்ப் பந்தல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அதிகம் குடிப்பதன் ஆபத்தையும் எடுத்துச் சொன்னபோது பாதிப்பு நன்றாகக் குறைந்தது. ஆகவே எவ்வளவு குடிப்பது என்பதற்குப் பொதுவான எண் எதையும் நம்பக் கூடாது, தன் எண்ணைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தேவை ஓர் எடை பார்க்கும் கருவி மட்டும். ஒருவர் ஓட்டப் போகுமுன் 62.0 கிலோ, ஒன்றரை மணி நேரம் பந்தய வேகத்தில் ஓட்டி வந்து துடைத்துக்கொண்டு நின்றால் 60.9 கிலோ, இடையில் குடித்தது 750 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இழந்தது 1.1-உம் 0.75-உம் சேர்த்து 1.85 லிட்டர், மணிக்கு 1.2 லிட்டருக்குச் சற்று மேல். இதே மனிதர் மேகமூட்டமான நாளில் பாதிதான் வியர்க்கக்கூடும். இழப்பது முழுவதையும் குடித்து ஈடுகட்ட வேண்டும் என்றும் இல்லை. தன் எண் வெயிலோடும் வேகத்தோடும் எப்படி மாறுகிறது என்று தெரிந்திருந்தால், தாகத்தின் குரலை நம்பலாமா வேண்டாமா என்பதை அவரே எடைபோட்டுக்கொள்வார்.

வேகத்துக்கு வருவோம். தட்டையான சாலையில் சைக்கிளை எதிர்க்கும் முக்கிய சக்தி காற்று. அதை வெல்ல வேண்டிய ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 180 கிலோமீட்டரை மணிக்கு 28 கிலோமீட்டரில் ஓட்டினால் ஏறத்தாழ 6 மணி 26 நிமிடம், 30-இல் ஓட்டினால் 6 மணி. மிச்சமாகும் 26 நிமிடத்துக்குக் காற்றின் கணக்கில் மட்டும் 23 சதவீதம் கூடுதல் ஆற்றல் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையைக் கொடுத்தவர் ஓட்டத்தின் கடைசி 15 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தில் ஓடுவதற்குப் பதில் 10 நிமிடத்தில் நடந்தால், 45 நிமிடம் போய்விடும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் உச்ச ஆற்றலில் 65 முதல் 75 சதவீதத்துக்குள் சைக்கிளை முடியுங்கள் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்வதன் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது. ஆனால் 65-க்கும் 75-க்கும் நடுவில் கிடக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. தன் இடம் அதில் எது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. நான்கு, ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டு உடனே இறங்கி முக்கால் மணி நேரம் பந்தய வேகத்தில் ஓடிப் பார்த்தால்தான் அது தெரியவரும். அந்த ஓட்டத்தில் இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போய், கால் வேகம் இறங்கிக்கொண்டே போனால் சைக்கிள் வேகம் கூடுதல் என்று பொருள். முழுத் திட்டப்படி சாப்பிட்டுக்கொண்டே இதைச் செய்திருந்தால் மட்டுமே அந்தத் தீர்ப்பை நம்பலாம். பட்டினியாக ஓட்டிப் பார்த்தவருக்குக் கிடைப்பது பட்டினியின் முடிவு, வேகத்தின் முடிவு வேறாக இருக்கலாம்.

சென்னையிலும் கடலோர ஊர்களிலும் பயிற்சி செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியுமுன் கிளம்பி, வெயிலும் லாரிகளும் ஏறுவதற்குள் வீடு திரும்புவதே வழக்கம், அதுதான் பாதுகாப்பும்கூட. ஆனால் லங்காவியிலோ கோனாவிலோ மாரத்தான் தொடங்கும்போது உச்சி வெயில். வெப்பமான ஊரில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் வெப்பம் பழகிவிட்டது என்று நினைப்பது தவறு. உடல் எந்த வெப்பத்தில் உழைத்ததோ அந்த வெப்பத்துக்கே பழகும், அதற்கு 10 முதல் 14 நாள்வரை ஆகும். எனவே ஒத்திகைகளில் ஒன்றிரண்டாவது, குறுகிய தூரத்தில், துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு, வெயில் நேரத்தில் நடக்க வேண்டும். அதிகாலைக் குளிரில் எடுத்த வேக அளவுகளை நண்பகலுக்குச் சுமந்துபோவது இந்தப் பகுதிகளிலிருந்து போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை என்பது என் கணிப்பு.

வண்டியைப் பொறுத்தவரை எடுத்துக்காட்டுகள் கோனாவிலேயே கிடைக்கின்றன. 2005-இல், முந்தைய ஆண்டின் வெற்றியாளர் நார்மன் ஷ்டாட்லர் பஞ்சரான டயரைச் சக்கரத்திலிருந்து பிய்த்தெடுக்க முடியாமல் போராடினார். பசை அவ்வளவு பலமாக ஒட்டப்பட்டிருந்தது. 2008-இல் கிறிஸ்ஸி வெலிங்டன் முன்னணியில் இருந்தபோது பஞ்சரானது. டயருக்குக் காற்றேற்றக் கையிலிருந்த கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் பயன்படாமல் வீணாயின. கடந்து சென்ற போட்டியாளர் ரெபெக்கா கீட் ஒரு குப்பியைக் கொடுத்து உதவியதால் மீண்டும் கிளம்பி, இழந்த நேரத்தை மீட்டு, பட்டத்தையும் வென்றார். டயர் மாற்றத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள். நிதானமாக வீட்டு வாசலில் மாற்றுவதும், இதயம் படபடக்க, கை நடுங்க, மற்றவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே மாற்றுவதும் வெவ்வேறு வேலைகள். மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு, தான் கொண்டுபோகும் அதே கருவிகளால், பின்சக்கர டியூபை நேரம் பார்த்து மாற்றிப் பழகியவருக்கு மட்டுமே அந்த இரண்டாவது வேலை தெரியும். ஆழமான விளிம்புள்ள சக்கரத்துக்கு நீள வால்வு வேண்டும், பையில் இருக்கும் உபரி டியூபின் வால்வு அதைத் தாண்டி எட்டிப்பார்க்குமா என்பதும் அப்போதுதான் தெரியவரும். ஏரோபாரில் ஆறு மணி நேரம் குனிந்திருந்தால் கழுத்து என்ன சொல்கிறது, மடிந்திருக்கும் வயிறு எதை ஏற்க மறுக்கிறது, வீங்கிய பாதத்தை ஓட்டக் காலணி எங்கே கடிக்கிறது என்பவையும் இதே வகை. கோனாவில் காற்றின் காரணமாக, முழுவதும் மூடிய டிஸ்க் பின்சக்கரத்துக்கு நீண்ட காலம் அனுமதி இருக்கவில்லை. போகும் பந்தயத்தின் விதிகளைப் படிக்காமல் நடத்திய ஒத்திகை வேறொரு பந்தயத்துக்கான ஒத்திகை. நீச்சலுக்குச் சுருக்கமாக ஒன்று: நீச்சல் குளத்தில் மட்டும் நீந்தியவருக்குக் கடலில் நெரிசலும் உப்புநீர் விழுங்குவதும் புதிது. பதற்றமும் குமட்டலும் அங்கேயே தொடங்கிவிட்டால், சைக்கிளின் முதல் ஒரு மணி நேரத்தில் எதுவும் உள்ளே இறங்காது.

இவ்வளவு ஒத்திகை தேவையா என்று கேட்பவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. முழுத் தூரத்தையும் ஒத்திகை பார்த்தால் பந்தயத்துக்குமுன் உடல் தீர்ந்துவிடும் என்பது முதல் ஆட்சேபம். உண்மைதான், அதனால் யாரும் முழுத் தூரத்தைப் பரிந்துரைப்பதில்லை. பந்தயத்துக்கு மூன்று முதல் ஆறு வாரம் முன்பு, நான்கைந்து மணி நேரச் சைக்கிளும் ஒரு மணிக்குள் ஓட்டமும் போதும். அதைவிட அவசியம் வேகம், உணவு, வண்டி மூன்றும் அன்று முழுமையாக இருப்பது. கோவாவிலோ கொழும்பிலோ நடந்த 70.3 போன்ற அரைத் தூரப் பந்தயத்தை ஒத்திகையாகக் கொள்பவர்களும் உண்டு. அரைத் தூரத்தை இன்னும் வேகமாக ஓட்டுவார்கள். அங்கே வயிறு தாங்கியது அல்லது தாங்காதது முழுத் தூரத்தின் வேகத்துக்கு அப்படியே பொருந்தாது. ஒத்திகையாக ஓடுவதென்றால் முழுத் தூரத்தின் வேகத்திலேயே ஓட மனம் துணிய வேண்டும், மற்றவர்கள் கடந்து போனாலும். இரண்டாவது ஆட்சேபம், பந்தய நாளின் உடல் வேறு என்பது: ஓய்வெடுத்த கால்கள், பரபரப்பு, கூட்டத்தின் சத்தம். இதுவும் உண்மை. அந்த இலேசான உணர்வில்தான் முதல் 40 கிலோமீட்டரில் பலர் தங்கள் நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒத்திகையில் கிடைத்த எண்ணைக் கைப்பிடியில் ஒட்டி வைத்து அதைத் தாண்டாமல் போகிறவருக்கு அந்த ஆபத்து குறைவு.

முதல் அயர்ன்மேன்கள் எந்த ஒத்திகை பார்த்தார்கள் என்று கேட்பதும் உண்டு. 1978 பிப்ரவரி 18-இல் ஒவாஹு தீவில் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் வென்றார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய், அவருக்குப் பீர் கொடுத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அவர்களின் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்களுக்கு முன்னே யாரும் போயிருக்கவில்லை, அறிந்துகொள்ள எதுவுமில்லை. மார்க் ஆலன் கோனாவில் ஆறு முறை போட்டியிட்டுத் தோற்று, ஏழாவது முறை, 1989-இல், டேவ் ஸ்காட்டை 58 விநாடி வித்தியாசத்தில் வென்றார். அந்த ஆறு தோல்விகளும் அவருக்கு ஒத்திகைகள். விடுப்பும் பணமும் சேர்த்து, குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டு, வாழ்வில் ஒரு முறை போகிறவருக்கு ஆறு வாய்ப்புகள் கிடையாது. அவர் தன் தோல்விகளை வீட்டுப் பக்கத்துச் சாலையிலேயே பட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் 2025 அக்டோபரில் கிடைத்தது. கோனாவின் பெண்கள் பந்தயத்தில் முன்னணியில் இருந்த லூசி சார்ல்ஸ்-பார்க்லி வெப்பத்தில் தளர்ந்து விலகினார். பின் முன்னணிக்கு வந்த டெய்லர் நிப் முடிவுக்குச் சில கிலோமீட்டர் முன்பு உட்கார்ந்துவிட்டார். சுல்வெய் லவ்செத் வென்றார். ஆய்வகமும் பயிற்சியாளரும் உணவியல் நிபுணரும் வாய்த்தவர்களுக்கே இப்படி என்றால் ஒத்திகை எதற்கு? என் பதில் இதுதான்: ஒருவரோடொருவர் போட்டியிடும் முன்னணியில், ஒத்திகையில் கண்ட எல்லையைத் தெரிந்தே தாண்டுவது அவர்களின் தொழில். பட்டத்துக்காகப் போடும் பந்தயம் அது. முடிப்பதையே இலக்காகக் கொண்டவருக்கு எல்லை எங்கே என்று தெரிவது போதும். ஆனாலும் அந்தச் சம்பவம் ஒத்திகையில் பெரும்பாலோர் விட்டுவிடும் ஒரு பகுதியைக் காட்டுகிறது. எல்லாம் சரியாக நடக்கும் நாளையே நாம் ஒத்திகை பார்க்கிறோம். குலைந்த நாளையும் பார்க்க வேண்டும். ஒரு நீண்ட பயணத்தில் மூன்றாம் மணிக்கான பாட்டிலை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு, பந்தயத்தில் கொடுக்கப்போகும் பானத்தை மட்டும் குடித்துச் சமாளிக்கலாம். வாட் அளவும் வேகமும் காட்டும் திரையை ஒரு மணி நேரம் துணியால் மூடி, மூச்சை மட்டும் வைத்து அதே வேகத்தைப் பிடித்துப் பார்க்கலாம். வயிறு மூடிக்கொண்டால் வேகத்தைக் குறைத்து, பத்து நிமிடம் வெறும் தண்ணீர், பிறகு சிறு மிடறாகக் கோலா என்று ஒரு வரிசையை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ளலாம். ஓட்டத்தின் முடிவில், களைப்பு மிகுந்து, நிற்கவே கூடாது என்று மனம் அடம்பிடிக்கும்போது, தண்ணீர்ப் பந்தல் இருப்பதாக நினைத்துப் பதினைந்து விநாடி நடந்து குடித்துவிட்டு மறுபடி ஓடிப் பழகலாம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பந்தல் என்றால் மாரத்தானில் இருபது பந்தலுக்கு மேல் வரும். ஒவ்வொன்றிலும் பதினைந்து விநாடி என்றாலும் மொத்தச் செலவு ஐந்து நிமிடத்தைச் சுற்றித்தான். அலீ சாலையில் நியூபி-ஃபிரேசர் படுத்துக்கிடந்தது இருபது நிமிடம்.